83 அணி கையெழுத்துப் போட்ட பேட்: அசலா, போலியா?

முத்தியால்பேட்டை வாசகன்:
அண்ணன்மாரே, அப்பாவுக்கு 83 உலகக் கோப்பை என்றால் உயிர். லார்ட்ஸில் ஸ்ரீகாந்த் அடித்த 38-ஐ இன்னும் ஷாட் ஷாட்டாகச் சொல்வார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்காக, வாட்ஸ்அப் குரூப்பில் அறிமுகமான ஒருவரிடம் 83 அணியின் 14 பேரும் கையெழுத்துப் போட்ட பேட் ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழும் தந்தார். ‘2022-ல் மும்பையில் நேரில் பெற்றது’ என்று அதில் இருக்கிறது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய நாணயம் விற்கும் பெரியவரிடம் காட்டினேன். வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே கை மாதிரி இருக்கே தம்பி” என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

மஞ்சக்குப்பம் கீப்பர்:
தம்பி, மையை விடுங்கள், முதலில் தேதியைப் பாருங்கள். யஷ்பால் சர்மா 2021 ஜூலையில் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்து இருக்கிறதா?

முத்தியால்பேட்டை வாசகன்:
இருக்கிறது அண்ணா. ஸ்ரீகாந்துக்குப் பக்கத்திலேயே.

மஞ்சக்குப்பம் கீப்பர்:
அப்படியென்றால் சான்றிதழ் பொய். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்கி மற்றதையும் பாருங்கள். பழகிய கை சட்டென்று ஓடும், முடிவில் கோடு மெலியும். பார்த்து வரைந்தவன் கை நடுங்கும், நின்ற இடத்தில் மை திட்டாகும். வெறும் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சடித்தது.

ஹாலோகிராமை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் 1999-ல் பிடித்த கும்பலும் சான்றிதழோடுதான் விற்றது. அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட அதில் இருந்தது! அந்த அம்மா பெயரையும் விடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

லாஸ்பேட்டை அக்கா:
பேட்டைத் திருப்பி அனுப்பிவிடாதே தம்பி, அதுதான் ஆதாரம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு இன்றைக்கே கூப்பிடு. போட்ட காசை எடுக்க வேறு யார் தலையிலும் கட்டிவிடாதே. அப்புறம் நீயும் ஏமாற்றியவன் ஆகிவிடுவாய்.

முத்தியால்பேட்டை வாசகன்:
புகார் கொடுத்துவிட்டேன் அக்கா. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “யஷ்பால் எது?” என்று கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தபடி, அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த 61-ஐச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.