மறு: செஷன் – அமர்வா, வருகையா, நடையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இணையதளப் பயன்பாட்டுக் கணக்கில் வரும் செஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று நான் கேட்டதற்கு மூன்று நாளாக மடல் இழை ஓடுகிறது. கேள்வியைக் கிளப்பிவிட்டவனே வாய் திறக்காமல் இருந்தால் எப்படி என்று ஐயா தனிமடலில் கடிந்துகொண்டார். நியாயம்தான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> செஷனுக்கு அமர்வு என்பது நிலைத்துவிட்ட சொல். சட்டமன்றம் முதல் கருத்தரங்கு வரை அதுதான். இன்னொன்று எதற்கு?

அமர்வு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் நான் தமிழாக்கும் கட்டுரையில் இருக்கிறது. மேசைக் கதையாட்டத் தளங்களின் பயன்பாட்டுத் தரவை எப்படிப் படிப்பது என்பதுதான் கட்டுரையின் பொருள். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டங்கள். அவற்றை ஆடுபவர்களுக்கு செஷன் என்றால், நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி, மூன்று நாலு மணி நேரம் ஆடுவது. அமர்வு என்ற சொல் அதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது.

தளத்தின் கணக்கில் வரும் செஷன் வேறு. ஒருவர் தளத்துக்குள் வந்து, பார்த்துவிட்டுப் போகும் ஒரு தடவை அது. முதல் வரைவில் இரண்டுக்கும் அமர்வு என்றே போட்டிருந்தேன். "ஓர் அமர்வின் சராசரி நீளம் நாலு நிமிடம்" என்று ஒரு வரி வந்தது. ஆட்டக்கார நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "நாலு நிமிஷத்துல எங்க கோஷ்டி டீயே குடிச்சு முடிக்காதே" என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. ஒரு சனிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு ஆட்டம். கதை நடத்துபவர் கைக்கணினியில், தளத்தில் இருக்கும் மந்திரப் பட்டியலைத் திறந்து, பகடைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார். 6.10க்கு ஒரு மந்திரத்தைத் தேடுகிறார். அப்புறம் முக்கால் மணி நேரம் பாலத்தைக் காக்கும் பூதத்திடம் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். தளத்தை யாரும் தொடவில்லை. 6.55க்குப் பேரம் முறிந்து சண்டை மூள்கிறது, மறுபடி தேடல். 7.50க்கு இன்னொரு தடவை. தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் நாம் மாற்றாமல் விட்டால், 30 நிமிடம் அசைவில்லை என்றால் செஷன் முடிந்தது என்று கணக்கு. அடுத்த அசைவு புது செஷன். ஆக மேசையில் ஒன்று, கணக்கில் மூன்று. மற்ற நாலு பேரும் கைபேசியில் தங்கள் பாத்திரத் தாளை அவ்வப்போது திறந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

இதை வைத்துக்கொண்டு "அடிக்கடி வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லை, பக்கம் சலிப்பூட்டுகிறது போலும்" என்று ஒருவர் அறிக்கை எழுதினால் அது தலைகீழ். ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் யாரும் தளத்தைத் தொடமாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், இந்தத் தவறைத் தமிழில் செய்வது இன்னும் சுலபம்.

நள்ளிரவு வேறு இருக்கிறது. பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ், தள அமைப்பில் கொடுத்த நேர வலயத்தின் நள்ளிரவில் செஷனை இரண்டாக வெட்டும். 2023 ஜூலை 1 முதல் அது தரவு சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பதில் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அப்படி வெட்டாது. சனி இரவு பன்னிரண்டைத் தாண்டி ஆடுபவர்கள் நிறைந்த தளத்தில், கருவி மாறியதாலேயே எண்ணிக்கை கொஞ்சம் குறையும். ஒருவர்கூட ஆட்டத்தை விட்டுப் போயிருக்கமாட்டார்.

> வருகை என்று வைத்தால் போதாதா?

வருகை, விசிட்டுக்குப் பல இடங்களில் புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை எண்ண முடியவில்லை. "மூன்று வருகை" என்று யாரும் சொல்வதில்லை. "மூன்று வருகைகள்" என்றால் அமைச்சர்கள் வந்த மாதிரி இருக்கிறது. பள்ளியில் வருகைப்பதிவு என்றால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் பேச்சு.

நான் முன்மொழிவது நடை. புதுச்சொல் இல்லை. மினி பஸ் ஒரு நாளைக்கு ஆறு நடை போகிறது. மணல் லாரி ராத்திரியில் நாலு நடை அடிக்கிறது. "ரேஷன் கடைக்கு ரெண்டு நடை நடந்தும் சீனி கிடைக்கலை" என்று அம்மா அலுத்துக்கொள்வார். போய் வந்த ஒரு தடவை; எண்ணத்தக்கது; நீளம் எவ்வளவு என்பது பற்றிக் கவலையில்லை. நமக்கு வேண்டியது அதுதானே? முடியும் இடத்துக்கும் சொல் தயாராக இருக்கிறது. அசைவில்லாமல் கெடு முடிந்தால் நடை சாத்தல்.

> எங்கேஜ்டு செஷன்: ஈடுபாட்டு அமர்வு?

இதற்கு மட்டும் கொஞ்சம் சத்தமாகவே மறுப்பு சொல்கிறேன். கூகுள் அனலிட்டிக்ஸ் 4இன் இலக்கணப்படி, 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கியம் என்று நாம் குறித்துவைத்த செயல் ஒன்று நடந்தாலோ போதும், ஈடுபாடு வந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றியவரை எல்லாம் பக்தர் கணக்கில் சேர்ப்பது போல இது. தங்கிய நடை என்போம். பவுன்ஸ், அதற்கு நேர் எதிர்: தங்காத நடை. அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

> பாத்திரம் உருவாக்கல் எண்ணிக்கையை "ஆடப்பட்ட பாத்திரங்கள்" என்று மாற்றலாமா, வாசகருக்குப் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 2017இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற புள்ளிவிவரச் செய்தித் தளம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் பாத்திரம் செய்துகொள்ளும் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் உருவான பாத்திரங்களின் தரவை வைத்து ஓர் அட்டவணை வெளியிட்டது. மனித இனப் போர்வீரன்தான் முதலிடம். ஆனால் அது உருவாக்கிய கணக்கு, ஆடிய கணக்கு அல்ல. இந்த ஆட்டக்காரர்கள் பொழுதுபோகாவிட்டால் பாத்திரம் செய்து அடுக்குவார்கள். வரன் பார்க்கும் வீட்டில் சேரும் ஜாதகங்களைப் போல. அதோடு அங்கே இலவச விதிகளில் போர்வீரன், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஒரே ஓர் உட்பிரிவுதான் கிடைக்கும், மீதிக்குக் காசு. காசு கொடுக்காதவர் எல்லோரும் அந்த ஒன்றில்தான் விழுவார்கள். அதை "மக்களின் விருப்பம்" என்று எழுதினால் எப்படி? எனவே உருவாக்கிய பாத்திரம், ஆடிய பாத்திரம் என்று இரண்டாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
கேள்வி கேட்டவன்

* * *

தம்பி,

நடை நன்றாக இருக்கிறது. உரைநடை, நடைமுறை என்று ஏற்கனவே பத்து வேலை பார்க்கும் சொல்தான், பதினொன்றாவதையும் தாங்கும். ஆனால் நடை சாத்தலில் நீங்கள் கை வித்தை காட்டுகிறீர்கள். லாரி போகும் நடை வேறு, கோயில் வாசலாகிய நடை வேறு. ஒன்றைத் தொடங்கி மற்றதைச் சாத்துகிறீர்கள். இன்னொன்று: கதை நடத்துபவர் இடத்தை விட்டு எழவே இல்லையே, அவர் எங்கே மூன்று நடை நடந்தார்?

* * *

அக்கா,

முதல் அடி சரியாக விழுந்தது. நடை சாத்தல் காதுக்கு இனிமையாக இருந்ததால் மயங்கிவிட்டேன். எடுத்துவிடுகிறேன். நடை முடிவு என்று சப்பையாகவே வைத்துக்கொள்வோம். எத்தனை நிமிடம் அசைவில்லாவிட்டால் முடிவு என்பதற்கு நடைக்கெடு.

இரண்டாவதற்கு நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவர் எழவில்லை என்பது மேசைக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. கருவி பார்ப்பது வாசலை மட்டும். யாரோ மூன்று தடவை வந்துபோனதாகத்தான் அது எழுதிவைக்கும். சொல்லும் கருவி நினைப்பதைத்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லத்தான் அமர்வு இருக்கிறதே.

கலைச்சொல் பட்டியலுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டிருந்தீர்கள். இதைப் போடலாமா: "சனிக்கிழமை ஓர் அமர்வு, ஐந்து பேர், பதினொரு நடை, அதில் தங்கிய நடை ஏழு."