கோவையின் பழைய கட்டடங்கள்: சிமென்ட் பூசறதுக்கு முன்னாடி

ரேஸ்கோர்ஸ் பக்கமிருந்து:

பழைய சுவர்ல ஓதம், அதாவது மண்ணோட ஈரம், ஏறுதுன்னு சிமென்ட் பூசிடாதீங்க. முதல்ல கட்டடத்தோட வயசைப் பாருங்க. நொய்யல் கரையில இருக்கிற இந்த ஊரு 1799-ல திப்பு வீழ்ந்ததுக்கப்புறம் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1866-ல நகராட்சி, 1872-ல மத்தியச் சிறை, 1888-ல ராபர்ட் ஸ்டேன்ஸ்ங்கிற ஆங்கிலேயத் தொழிலதிபர் தொடங்கின நூற்பாலை, 1892-ல விக்டோரியா டவுன்ஹால், 1902-ல காஸ் வன அருங்காட்சியகம். மதுக்கரையில சிமென்ட் ஆலை வந்ததோ 1930கள்ல. அதுக்கு முந்தி இங்க எழுந்த பங்களாவும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துல நின்னதுதான். சந்தேகம் இருந்தா செங்கல் இடுக்கைச் சாவியால சுரண்டிப் பாருங்க. வெள்ளையா மாவு உதிர்ந்தா சுண்ணாம்பு. சாவி வழுக்கிட்டுக் கீறல் மட்டும் விழுந்தா, யாரோ பிற்பாடு சிமென்ட் போட்டிருக்காங்க.

பேரூர், கொத்து வேலை:

மேல சொன்னது சரிதானுங்க. காரணத்தையும் சொல்லிடறேன். அந்தக் காலத்து அஸ்திவாரத்துல ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணுல இருக்கிற ஈரம் சுவர்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சுன்னா அது வழியா ஆவியாகிப் போயிரும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைச்சா, ஈரம் இன்னும் ரெண்டடி மேல போய் வெளிய வரும். உள்ளே சிக்கின உப்பு பூத்து, செங்கலே பொடிப்பொடியா உதிரும். விரல் கணுவால தட்டினா 'டொக் டொக்'னு வெத்து ஓசை கேக்கிற இடத்துல பூச்சு சுவரை விட்டுப் பிரிஞ்சிருக்கும்.

சரி பண்றதுக்கு: சிமென்டை உளியும் சுத்தியும் வெச்சே எடுக்கணும். பிரேக்கர் மெஷின் வெச்சா அதிர்வுல பழைய இடுக்கும் கழண்டுரும். எடுத்த சுவரை ஒரு மாசமாச்சும் காய விடுங்க. நீத்துன சுண்ணாம்பைத் தொட்டியில தண்ணிக்கடியில ரெண்டு வாரமாவது ஊற வெச்சு, ஒரு பங்குக்கு ரெண்டரைப் பங்கு சலிச்ச மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளிச்ச தண்ணியை இதுல விடுவாங்க. பூச்சை ஒரே தடவையில கனமா அப்பக்கூடாது. ஒவ்வொரு கையும் அரை அங்குலத்துக்கு மேல போகாம, ரெண்டு மூணு கை போடணும்.

ஆடி மாசத்துல மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து, பூச்சு இறுகறதுக்குள்ள ஈரத்தை உறிஞ்சிரும். மயிரிழை வெடிப்பு விழும். எந்த மாசமானாலும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம், பத்து நாளு தண்ணி தெளிக்கணும். கடைசியா நீர்க்க மூணு கோட் சுண்ணாம்பு அடிச்சா போதுங்க.

ஈரோட்டிலிருந்து:

சுவரைப் பார்த்த கையோட மேல்தளத்தையும் பாருங்க. இந்தப் பழைய கட்டடங்கள்ல பார்க்கிற மெட்ராஸ் டெரஸ்ங்கிற மேல்தளம்னா தேக்கு உத்திரம், அதுமேல ஓரம் நிமிர்த்திச் சாய்வா பதிச்ச சின்னச் செங்கல், அதுக்கும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மூணங்குலம் போட்டு மரக்கட்டையால நாள் கணக்கா அடிச்ச தளம், கடைசியில தட்டோடு.

ஒழுகுதுன்னதும் பலரும் மேல ரெண்டங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுடறாங்க. சதுர அடிக்கு ஏறக்குறைய 11 கிலோ கூடுதல் பாரம் அது. தாங்க வேண்டியதோ நூறு வயசான மரம். உத்திரம் சுவருக்குள்ள போற முனைதான் முதல்ல இத்துப் போகும். ஸ்க்ரூ டிரைவரால அங்க குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா முட்டுக் கொடுத்துட்டு அந்த உத்திரத்தை மாத்தணும்; அதுவரைக்கும் மேல யாரையும் ஏத்தாதீங்க.

ஒழுகற இடத்துல தட்டோட்டை மட்டும் பெயர்த்து, அடியில இருக்கிற தளத்தைச் சுண்ணாம்பாலேயே அடைக்கணும். அதுக்கும் முன்னாடி தண்ணி போற தூம்பைத் திறந்து பாருங்க. அரச இலையும் புறா எச்சமும் அடைச்சுத் தண்ணி தேங்கினதே பாதி ஒழுக்கலுக்குக் காரணம். தூம்புல அரசங்கன்னு முளைச்சிருந்தா சும்மா பிடுங்காதீங்க. வேர் உள்ளேயே அறுந்து நின்னு மறுபடி துளிர்க்கும். இடுக்கைத் திறந்து வேரோட எடுத்துட்டுத்தான் சாந்து வைக்கணும்.