கொப்புள நோயிலிருந்து காமன் கூத்துக்கு

ஆராய்ச்சி வேலையை விட்டவர்கள் எழுதுவதையெல்லாம் வாசித்தேன், என் கதையையும் சொல்கிறேன்.

தேயிலையைப் பிடிக்கும் கொப்புள நோயில் ஆறு வருடம் வேலை செய்தேன். 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த பூஞ்சண நோய் அது. இளங்கொழுந்தைத்தான் தாக்கும், மூடுபனியும் தூறலும் இருந்தால் பரவிக்கொண்டே போகும். தென்மேற்கு மழைக்காலம் முழுக்கத் தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் நனைந்துகொண்டு கொழுந்து கிள்ளி, நூற்றில் எத்தனையில் கொப்புளம் என்று எண்ணுவேன். வெறுத்துப்போய் விட்டேன் என்று நினைக்க வேண்டாம், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

மாசியில் வெயில் வந்தால் நோய் அடங்கிவிடும். அதனால் வருடா வருடம் எனக்கு லீவு கிடைத்தது அந்த மாதத்தில்தான், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது காமன் கூத்துக் காலம், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் கூத்து. கம்பம் ஊன்றிவிட்டால் இரவிரவாக ரதி மதன் ஆட்டம். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து தப்பு என்ற தோல் பறையை நெருப்பில் காய்ச்சிக் கொடுப்பேன், அப்புறம் குச்சியையும் கையில் கொடுத்தார். காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. ஒன்றும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

ஒரு மாசியில் போனபோது மாமாவுக்கு இடது கை அசைக்க முடியாமல் விழுந்திருந்தது. ரதி ஒப்பாரிக்கு வரும் அடியை வாயாலேயே சொல்லிக் காட்டினார். நான் அடிக்க அடிக்க, "இல்ல மருமகனே, அது கல்யாண வீட்டு அடி" என்று நாலு தரம் நிறுத்தினார். அவருக்குப் பிறகு இதைத் தெரிந்தவர் தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் யாரும் இல்லை. அடுத்த மாதமே வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் கஷ்டம். கொழுந்து பறித்து என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பியவர். தப்பைத் தொட்டால் ஊர் என்ன சாதிப் பேச்சு பேசும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "அதுல இருந்து வெளிய வரத்தானே படிக்க வச்சேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இப்போது பின்னேரங்களில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன், வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகள் ஐந்து பேர் தப்புப் பழக வருகிறார்கள், அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். மாமா வாயால் சொல்லும் அடிகளை ஃபோனில் பதிந்து, மழைக்காலத்தில் இலை எண்ணியதுபோலவே ஒவ்வொன்றாக எண்ணி எழுதுகிறேன். ஒப்பாரி அடியில் ஓர் இடம் மட்டும் எனக்கு இன்னும் சரியாக விழவில்லை. நாளைக்குக் காலையில் திரும்பவும் அவரிடம் போக வேண்டும்.