பவித்ராவுக்கு டியூஷனா, வீடியோவா: தாராவி வீட்டுக் குழு

லட்சுமி: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். பவித்ரா ஜியாமெட்ரியில் 40க்கு 11. டியூஷன்காரர் நாளை காலை பத்து மணிக்குள் 15,000 முன்பணம் கட்டச் சொல்கிறார், இல்லை என்றால் இடம் இல்லையாம். இவர் நைட் ஷிப்ட், போன் எடுக்கவில்லை.

முருகேசன்: கட்டிவிடு. பாதி நான் தருகிறேன்.

இசக்கி: அண்ணன் தருகிறேன் என்று சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் 😀

செல்வி: அத்தை, கட்டாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

முருகேசன்: பத்தாம் வகுப்பில் என்னத்தைப் பொறுப்பது?

செல்வி: மாமா, அந்த டியூஷனை நான் போய்ப் பார்த்தேன். ஒரே அறையில் அறுபது பிள்ளைகள். கடைசி வரிசையில் இருக்கிறவள் எழுந்து "சார், புரியவில்லை" என்று கேட்கவே மாட்டாள். பவித்ரா பள்ளியிலும் கேட்பதில்லை. அவளுக்கு மண்டை இல்லாமல் இல்லை, கேட்கத்தான் கூச்சம். போன ஞாயிறு அவளோடு உட்கார்ந்தேன். வடிவொத்த முக்கோணங்கள், ஆறு நிமிட வீடியோ. முக்கோணத்துக்குள் அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போனால் மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்று வருமே, அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் வீடியோவை நிறுத்திவிட்டு ஸ்கேலை எடுத்து, நோட்டில் அந்தக் கோட்டையே இன்னும் மேலே ஏற்றி வரைந்து அளந்து பார்த்து, "மதினி, கோடு எங்கே இருந்தாலும் விகிதம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். ஆறு நிமிட வீடியோவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரே வரியை நாலு தடவை சொல்லுங்கள் என்று டியூஷனில் யாரிடம் போய்க் கேட்பாள்?

செந்தில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள்

இசக்கி: ஊர்க் கோயில் கொடைக்கு நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் போட வேண்டும். 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். எத்தனை பேர் வருகிறீர்கள்?

லட்சுமி: மதினி, அது அப்புறம்

முருகேசன்: போனைக் கையில் கொடுத்தால் ரீல்ஸ்தான் ஓடும். நாங்கள் எல்லாம் வீடியோ பார்த்தா படித்தோம்?

ஆச்சி (பவித்ரா டைப் செய்கிறாள்): நீ எங்கேடா படித்தாய்

செந்தில்: 😂

செல்வி: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், பேனாவை எடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். அதனால்தான் நிறுத்தி எழுதச் சொல்கிறேன். நீளமான வீடியோவும் வேண்டாம். 2014இல் எட்எக்ஸ் என்கிற ஆன்லைன் பாடத் தளத்தின் வீடியோக்களை வைத்து ஆராய்ந்தபோது, ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களைத்தான் மாணவர்கள் விடாமல் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னொன்று. அமெரிக்காவில் சல்மான் கான் என்று ஒருவர், 2004இல் வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குப் போன் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்

இசக்கி: நம்ம பாந்த்ரா சல்மான் கானா?

செல்வி: இல்லை அம்மா, வேறு ஆள். கான் அகாடமி என்று இலவசப் பாட வீடியோத் தளம் நடத்துகிறவர். மற்ற சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டதால் 2006இல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா, நேரில் வருவதை விட வீடியோவில் வருவதே பிடித்திருக்கிறது என்று. அவரே 2011இல் ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். நேரில் என்றால் "புரிந்ததா, புரிந்ததா" என்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீடியோ அப்படிப் பார்க்காது. போன வருடப் பாடம் மறந்திருந்தால்கூட யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பவித்ராவுக்கு வேண்டியது அதுதான்.

லட்சுமி: அவள் என் தோள் மேல் சாய்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை.

செந்தில்: சித்தி, நான் டிப்ளமோவில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாஸ் செய்தது என்பிடெல் வீடியோப் பாடம் பார்த்துத்தான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது, ஐஐடி வாத்தியார் போர்டில் போடுவதை நம்ம வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம், பைசா செலவில்லை

முருகேசன்: அப்போ நான் கிளாஸுக்குக் கட்டிய 40,000?

செந்தில்: அப்பா, அங்கே மூன்று மாதம் ஒன்றுமே புரியவில்லை. அப்போதே சொன்னேன்.

முருகேசன்: என்னிடம் சொல்லவில்லை

செந்தில்: அம்மாவிடம் சொன்னேன்

இசக்கி: இந்தப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் என் நாத்தனார் பிள்ளைகளும் லாக்டவுனில் கல்வி தொலைக்காட்சி பார்த்துத்தான் படித்தார்கள். டிக்கெட் எத்தனை?

லட்சுமி: செல்வி, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாள்? வீடியோவிடம் கேட்க முடியாதே.

செல்வி: என்னிடம் அத்தை. தினமும் எட்டு மணிக்கு வீடியோ கால், அரை மணி நேரம். அதற்கு முன்னால் ஒரு வீடியோ, நோட்டில் மூன்று கணக்கு. எங்கே மாட்டிக்கொண்டாளோ அந்த இடத்தை மட்டும் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். எந்த வீடியோ என்று தேடி அலைய வேண்டாம், மகாராஷ்டிர அரசின் பாலபாரதி பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது, திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் போனில் வேண்டாம், படம் சின்னதாகத் தெரியும், நடுவில் உங்களுக்குப் போன் வந்தால் பாடம் நின்றுவிடும். 2020இல் எல்லாரும் காசு போட்டு வாங்கிய டேப் எங்கே?

இசக்கி: அண்ணன் வீட்டில்

முருகேசன்: கடைக் கணக்குப் பார்க்க எடுத்தேன். திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம்.

லட்சுமி: எங்களிடம் வரவில்லை மச்சான்

ஆச்சி (பவித்ரா டைப் செய்கிறாள்): பீரோ மேலே துணியில் சுற்றி இருக்கிறது. போன பொங்கலுக்குப் பார்த்தேன்.

முருகேசன்: பார்க்கிறேன். ஆனாலும் டியூஷன் இடம் போய்விட்டால் யார் பொறுப்பு? 5,000 கட்டி இடத்தைப் பிடித்து வைக்கலாம்.

செல்வி: 5,000 திரும்பி வராது மாமா. அடுத்த ஞாயிறு இதே பேப்பரை மறுபடி எழுதச் சொல்கிறேன், மார்க்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

லட்சுமி: காலையில் இவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவார்.

பவித்ரா: மதினி, மூன்றாவது கணக்கில் DE கொடுக்கவே இல்லை. BCயை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

செல்வி: போட்டோ அனுப்பு

முருகேசன்: டேப் கிடைத்துவிட்டது. சார்ஜர் இல்லை. யாரிடம் இருக்கிறது?

இசக்கி: எங்களிடம் இல்லை. டிக்கெட்டுக்கு நான் ஏழு பேர் என்று போடுகிறேன், அப்புறம் குறை சொல்லாதீர்கள்.