டெங்கு அப் ஒண்டு செய்தம், கொழும்பு வெள்ளவத்தையத் தாண்டிப் போகுதில்ல. ஆரோட சேரலாம்?

அலைகரை:
வணக்கம். கெம்பஸ் முடிச்ச பெடியள் கொஞ்சப் பேர் சேர்ந்து அப் ஒண்டு செய்திருக்கிறம். தண்ணி தேங்கி நிக்கிற இடத்தப் போட்டோ எடுத்துப் போட்டா மெப்பில விழும். எங்கட ஒழுங்கையள்ல சனம் நல்லாப் பாவிக்குது, கூரைப் பீலி, கட்டி முடியாத பில்டிங்ட பேஸ்மென்ட் எண்டு ஒரே போட்டோதான். ஆனா பக்கத்து தெஹிவளைக்குக் கூடப் போகுதில்ல. ஃபண்டிங் தேடுறதா, ஆரோடயாவது சேருறதா? சேர்ந்தா ஐடியாவ அடிச்சிருவாங்க எண்டு எங்கட ஆள் ஒருத்தன் பயப்பிடுறான்.

பழைய கோடர்:
தம்பி அந்தப் பயத்த முதல்ல விடுங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கத்த ஐ.டி. ஆக்கள் வொலன்டியரா சேர்ந்து சகானா எண்டு ஒரு சொஃப்ட்வெயார் செய்தவங்க, காணாமப் போன ஆக்கள், கேம்ப், நிவாரணச் சாமான் எல்லாம் பதியிறதுக்கு. ஓபன் சோர்ஸா விட்டபடியாத்தான் அது 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெய்ட்டிக்கும் போச்சு.

மழைக்காலம்:
சுகாதாரப் பக்கம் வேல செய்யிறன், அதால கேக்கிறன், உங்கட மெப்பப் பாக்கிறது ஆர்? வளவுக்குள்ள போய் நோட்டீஸ் குடுக்க, 2007 நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில வழக்குப் போட பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வேணும். அவருக்கு ஏற்கனவே ஆஸ்பத்திரில இருந்து டெங்கு மாதிரி நோயள அறிவிக்கிற எச்544 ஃபோம் வந்து குவியும், ஒவ்வொண்டுக்கும் வீடு தேடிப் போகணும். 2017ல நாடு முழுக்க 186,000க்கு மேல டெங்கு கேஸ், அப்பிடி ஒரு வருசத்தில உங்கட போட்டோ அவருக்கு வேலயக் குறைக்குமா கூட்டுமா? 2020 தொடக்கத்தில கொரோனாவுக்கு எங்கட ஆக்கள் டி.எச்.ஐ.எஸ்.2 எண்ட சுகாதாரத் தகவல் சிஸ்டத்தில, ஆக்களப் பதிஞ்சு தொடர்ந்து பாக்கிற ட்ரெக்கர் ஒண்டு செய்தாங்க, பிறகு 30க்கு மேல நாடுகள் அந்த மாதிரிய எடுத்துப் பாவிச்சது. அந்த சிஸ்டம் ஒஸ்லோ யூனிவர்சிட்டியோட கன நாடுகள் சேர்ந்து வருசக்கணக்கா வளர்த்தது, அங்கெல்லாம் ஏற்கனவே ஓடிட்டு இருந்தது, அதில கொழுவினதாலதான் அவ்வளவு கெதியாப் பரவினது. தனி அப் எண்டு விட்டிருந்தா ஒரு நாடும் திரும்பிப் பாத்திருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன்.

காலி வீதி:
அக்கா சொல்றது சரி, ஆனா சேருறது லேசில்ல. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபை, பாலம் தாண்டினா தெஹிவளை–கல்கிசை மாநகர சபை, எம்.ஓ.எச். எண்ட சுகாதார வைத்திய அதிகாரியும் வேற. நுளம்புக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது, ஒஃபிசுக்கு நல்லாத் தெரியும் 😄 அதுதான் உங்கட அப்பும் பாலத்தோட நிக்குது. ஃபண்டிங் வந்தாலும் அதுக்கு உதவாது. அதுசரி, சிங்களத்தில இருக்கா?

அலைகரை:
சிங்களம் டெஸ்டிங்ல இருக்கு. அக்கா, பி.எச்.ஐ.க்கு எப்பிடிக் குடுத்தா பாப்பார்? எக்செல்லா?

மழைக்காலம்:
அவர்ட ஏரியாவுக்கு மட்டும், வீட்டு நம்பர், ரோட்டோட, கிழமைக்கு ஒரு தாள். ஒரே இடத்தப் பத்துப் பேர் போட்டாலும் ஒரு வரிதான் வரணும். முதல்ல எம்.ஓ.எச்.சச் சந்திச்சுக் கேட்டுப் பாருங்கோ, உங்கட அப் பத்திக் கதைக்காம அவைக்கு எது கஷ்டம் எண்டு கேளுங்கோ.