பொருள்: குவாரண்டைன் – தமிழில் எப்படி? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அன்பு கலைச்சொல் குழு நண்பர்களுக்கு,

எங்கள் கல்லூரி மின்னஞ்சலில் ஸ்பேம் (வேண்டாத மடல்) வடிகட்டி போட்டிருக்கிறோம். சந்தேகத்துக்குரிய மடல் மாணவரின் உள்பெட்டிக்குப் போகாது, தனியே ஓரிடத்தில் கிடக்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் குவாரண்டைன் என்கிறார்கள். இன்னின்ன மடல்கள் பிடிபட்டன, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று மாணவருக்கு ஓர் அறிவிப்பு போகும். நாங்கள் வைத்திருப்பது மைக்ரோசாப்ட் முறை. அதில் அதிகபட்சக் கெடு 30 நாள். அதற்குள் எடுக்காவிட்டால் மடல் அழிந்துவிடும், மீட்க வழியில்லை.

அறிவிப்பின் தலைப்பை 'தனிமைப்படுத்தப்பட்ட மின்னஞ்சல்கள்' என்று எழுதியவன் நான். கைபேசித் திரையில் அது 'தனிமைப்படு…' என்று வெட்டுப்பட்டு நின்றது. முதலாண்டு மாணவி ஒருத்தி அதைச் சுகாதாரத் துறை அறிவிப்பு என்று நினைத்துத் திறக்கவே இல்லை. உதவித்தொகைக்குச் சான்றிதழ் கேட்டு வந்த மடல் உள்ளேயே கிடந்து அழிந்தது. அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் நின்ற முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பெயர், வினை, இடம் மூன்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும். சின்னதாக வேண்டும்.

ந., திருநெல்வேலி

—

ந. அவர்களுக்கு,

சொல் கையிலேயே இருக்கிறது: சிறை. கைதி அடைபடும் இடம் என்ற பொருளோடு நிறுத்திவிட வேண்டாம். 'சிறைசெய்யா வேந்தன்' என்ற 569ஆம் குறளில் சிறை என்றால் அரண். அகப்பாட்டின் கூற்றுக் குறிப்புகளில் 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று வருமே, அங்கே சிறை என்பது வீட்டைச் சூழ்ந்த வேலி. தலைவன் அதற்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கிறான். நம் மடலும் வேலிக்கு வெளியேதான் காத்து நிற்கிறது. பறவையின் இறகுக்கும் சிறை என்று பெயர், நீரைத் தேக்கும் அணைக்கும் சிறை என்று பெயர். மறைப்பது, ஒதுக்குவது, காப்பது எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. என் பரிந்துரை: மடற்சிறை. வினை: சிறைவை.

கூடவே, ஸ்பேம் என்று எழுதாமல் விக்கிப்பீடியாவில் புழங்கும் 'எரிதம்' என்பதையே ஆளுங்கள்.

வே., தஞ்சாவூர்

—

> என் பரிந்துரை: மடற்சிறை

ஐயா, மன்னிக்கவும். 'எரிதம் மடற்சிறையில் வைக்கப்பட்டது' என்று அறிவிப்பு போனால், இன்னொரு மாணவி இன்னொரு மடலைத் தொலைப்பாள். 20 வருடமாக சர்வர் பார்க்கிறேன். உதவி கேட்டு வருகிறவர்கள் சொல்வது 'குவாரண்டைன்ல மாட்டிக்கிச்சு சார்' என்றுதான். குவாரண்டைன் என்றே விடுங்கள். வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்க இலக்கணம் எழுதிவைத்த மொழி இது. முதலில் வரும் மெய்க்கு உகரம் சேர்த்தாயிற்று, போதும்.

வேரைத் தோண்டினாலும் வெறும் எண்தான் கிடைக்கும். ரகுசா (இன்றைய குரோவேசியாவின் துப்ரோவ்னிக்) துறைமுகம் 1377இல் கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 ஆனது. வெனிசுக்காரர் பேச்சில் நாற்பதைக் குறித்த சொல்தான் இன்று உலகமெல்லாம் புழங்குகிறது. இப்போது யாரும் நாற்பதை எண்ணுவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். உறுதியான மோசடி மடல் என்று கணினி முடிவு செய்ததை மாணவர் தானே வெளியே எடுக்க முடியாது, நிர்வாகியிடம் கேட்கத்தான் முடியும். ஆகவே 'விடுவி', 'விடுவிக்கக் கேள்' என்று இரண்டு பொத்தான் வேண்டும். எந்தச் சொல் வந்தாலும் இவற்றோடு ஒட்ட வேண்டும்.

கா., கோவை

—

வணக்கம். எங்கட பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள்.

சிறை வேண்டாம். தனிமடலில் ஒருவர் 'தடுப்பு' என்றும் சொன்னார், அதுவும் வேண்டாம். 2009இல் போர் முடிந்த பிறகு 'தடுப்பில இருந்து வந்தவர்' என்றால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. வராத பிள்ளைக்காக இன்றைக்கும் காத்திருக்கிற தாய்மார் இருக்கினம். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளையின் கைபேசியில் 'தடுப்பிலிருந்து விடுவி' என்று ஒரு பொத்தான் ஒளிர்வதை நினைத்துப் பாருங்கோ. தனிமைப்படுத்தல் என்பதும் எங்களுக்கு 2020இன் ஊரடங்கோடு சேர்ந்த சொல்.

சொல்லுக்கு வேர் இருக்கிற மாதிரி வடுவும் இருக்கு, ஐயா.

இ., யாழ்ப்பாணம்

—

இ. அம்மாவின் மடலைப் படித்த பிறகு சிறையைத் திரும்பப் பெறுகிறேன்.

வே.

—

எங்கள் ஊர்ச் சொல் ஒன்று: கொண்டித்தொழு. அடுத்தவன் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம். தண்டமும் தீனிச் செலவும் கட்டி உடையவன் ஓட்டிப் போகலாம். கெடுவுக்குள் யாரும் வராவிட்டால் ஏலம். 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு விதிகள் உண்டு. பிடித்தல், அடைத்தல், உடையவருக்குத் தகவல், மீட்பு, கெடு: ந. கேட்டதில் எது இங்கே இல்லை? சின்ன வயதில் அப்பாவோடு போய் எங்கள் செவலையை மீட்டு வந்திருக்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அது எங்களைப் பார்த்துக் கத்தியது காதிலேயே இருக்கிறது.

மு., விருதுநகர்

—

அருமை! பட்டினப்பாலையின் 'கொண்டி மகளிர்' நினைவுக்கு வருகிறது. கொள் என்பதன் அடியாக, கொள்ளப்பட்டது கொண்டி. போரில் கவர்ந்த பொருளும் கொண்டி, கட்டுக்கு அடங்காத மாடும் கொண்டி. 'கொண்டிமடல்' என்றால் எரிதத்துக்கே பெயராகிவிடும்!

வே.

—

மு. அண்ணா, சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. இன்று வகுப்பில் 42 பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் மட்டும் 'பவுண்டா மிஸ்?' என்று அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னான்.

அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'நிறுத்திவைப்பு'. தேர்வு முடிவு நிறுத்திவைப்பு என்று பலகையில் ஒட்டினால், அது தோல்வி இல்லை, அலுவலகம் போய்க் கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்கலாம் என்று மூன்றும் ஒருசேரப் புரியும். நமக்கு வேண்டியதும் அந்த மூன்றுதான். நிறுத்திவை, நிறுத்திவைத்தவை, நிறுத்திவைப்பகம். வெட்டுப்பட்டு 'நிறுத்திவை…' என்று நின்றாலும் பொருள் கெடாது.

செ., மதுரை

—

> நிறுத்திவைப்பு

நோய், ஆபத்து என்ற சாயலே இல்லையே? சம்பளத்தையும்தான் நிறுத்திவைக்கிறார்கள். ஆனாலும் மடல்சிறைக்கு இது தேவலை. என் வாக்கு இதற்கே, அடைப்புக்குறியில் குவாரண்டைன் சேர்த்தால்.

கா.

—

அனைவருக்கும் நன்றி. மணி இரவு 11:40. தலைப்பு 'நிறுத்திவைத்த மடல்கள்', இடம் 'நிறுத்திவைப்பகம்', பொத்தான்கள் 'விடுவி', 'விடுவிக்கக் கேள்'. முதல் அறிவிப்பில் மட்டும் அடைப்புக்குறிக்குள் குவாரண்டைன். ஆபத்தைச் சொல்ல, கீழே 'இதில் மோசடி மடலும் இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இ. அம்மா, 'விடுவி' உறுத்தினால் காலைக்குள் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

ந.

—

'வெளியே எடு' என்று போடுங்கோ தம்பி. அது போதும்.

இ.

—

அறிவிப்பு போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் நம் குழுவின் அகராதிப் பட்டியலில் கொண்டித்தொழுவை எதிர்க்குறிப்பாகவாவது பதிய வேண்டும். நிறுத்திவைப்பில் உடையவன் யார் என்பது இல்லை. கொண்டித்தொழுவில் இருக்கிறது.

மு.