1.5 டெஸ்லா, 3 டெஸ்லா எம்ஆர்ஐ கருவிகளின் ஏடிசி (திசுவில் நீர் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்ற அளவு) மதிப்புகளை எப்படி ஒன்றுசேர்ப்பது?

வணக்கம். அறிகுறியற்ற மைலோமா (எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் நோயின் ஆரம்ப நிலை) யாருக்கு முற்றும் என்று முழு உடல் எம்ஆர்ஐ மூலம் கணிக்கும் மாடலுக்கு உதவி தேவை. டிஃப்யூஷன் (நீர்ப் பரவலைக் காட்டும்) படங்களின் பி மதிப்புகள், அதாவது பரவலுக்கான உணர்திறன் அளவுகள், 50, 900. கூடவே டிக்ஸன் (கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் எம்ஆர்ஐ முறை) கொழுப்பு விகிதம். 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லீஷன்கள் (நோய்ப் புள்ளிகள்) ஒன்றுக்கு மேல் இருந்தால் சர்வதேச மைலோமா பணிக்குழுவின் 2014 வரையறைப்படி அது முற்றிய மைலோமாவே; அவர்களைச் சேர்க்கவில்லை.

கொழுப்பு மஜ்ஜையில் நீர் குறைவு, அதனால் ஏடிசியும் குறைவு. செல்கள் ஊடுருவும்போது அது முதலில் ஏறும். இதைக் கொழுப்பு விகிதம் சேர்த்துச் சமாளித்தாயிற்று.

உண்மையான தலைவலி, கருவிகளுக்கிடையிலான வேறுபாடு நோயின் வேறுபாட்டை விழுங்குவதுதான். காம்பேட் (கருவி வேறுபாட்டை நீக்கும் புள்ளியியல் முறை) திருத்தம் போதுமா? ஒரு கருவியில் மட்டும் முற்றியவர்கள் அதிகமென்றால் அது நோயின் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுமே! தசையை ஒப்பீட்டு அளவாக வைத்தவர்கள் எந்தத் தசையை எடுத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.